முப்பத்தொன்பது கோடுகள்

தம்பிக்கு வயது ஐம்பத்து நான்கு. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இருபத்தொன்பது வருடமாக அதைத்தான் எழுதுகிறான். ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் அவன் 'டைம் சார்'. பதிவேட்டில் 6.42 என்று அவன் எழுதிவிட்டால், ஓட்டுநர் தலைகீழாக நின்றாலும் அந்த வண்டி 6.40க்குக் கிளம்பியதாக ஆகாது.

அக்காவுக்கு அறுபத்தாறு. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரத்த அணுக்களை எண்ணுவதற்கென்று ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அதில் மயிரிழைக் கோடுகளால் கட்டம் கீறியிருக்கும். ஓர் அணு கோட்டின் மேலேயே கிடந்தால், மேல் கோட்டிலும் இடக் கோட்டிலும் கிடப்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கீழ்க் கோட்டிலும் வலக் கோட்டிலும் கிடப்பதை விட்டுவிட வேண்டும். அக்கா அப்படி ஒரு தரம் எண்ணி எழுதிவிட்டு, எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டு, மறுபடியும் எண்ணுவாள். அங்கே அவளுக்கு 'ரெண்டுதரம்' என்று பட்டப்பெயர். "ரெண்டுதரம் எண்ணினா அது கோர்ட்டுலயும் எடுபடும்" என்று பெரிய டாக்டரே சொல்வாராம்.

இந்த இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. தாளில் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை புள்ளி, ஆக முப்பத்தாறு புள்ளி. ஆளுக்கு ஒரு முறை பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோட்டால் சேர்க்க வேண்டும். எவர் போடும் கோட்டால் ஒரு கட்டம் நாலு பக்கமும் அடைபடுகிறதோ அவர் அந்தக் கட்டத்துக்குள் தன் எழுத்தைப் போட்டுக்கொண்டு இன்னொரு கோடும் போடலாம். மொத்தம் அறுபது கோடு, இருபத்தைந்து கட்டம். இருபத்தைந்து ஒற்றைப்படை என்பதால் எந்த ஆட்டமும் சமமாக முடியாது. அக்கா 'அ' போடுவாள், தம்பி 'த' போடுவான். அவன் நாலாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலில் பதினோரு நாள் படுத்திருந்தான். அப்போது மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அக்கா தொடங்கிவைத்த ஆட்டம் அது. அப்புறம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டில் மூன்று ஆட்டம்.

போன வருடம் ஆகஸ்டில் அக்காவின் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் வலது கை, பிறகு இரண்டும். நரம்பு மருத்துவர் தட்டிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, "இது கையோட நிக்கிற நடுக்கம்மா. தலைக்கு ஏறாது. பயப்படாதீங்க" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அக்காவுக்குப் பயம் கையைப் பற்றியதே இல்லை. அவர்களுடைய அம்மா கடைசி நாலு வருடம் யாரையும் அடையாளம் தெரியாமலே இருந்து இறந்துபோனாள். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அக்கா. எப்படித் தொடங்கியது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். "பால் அடுப்புல இருக்கு, பாத்துக்கோ" என்பாளாம் அம்மா. போய்ப் பார்த்தால் அடுப்பே பற்றவைத்திருக்காது. பாலும் வைத்திருக்காது. அம்மா பொய் சொல்லவில்லை. வைத்ததைக் கண்ணால் கண்டமாதிரிதான் சொன்னாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அக்கா பென்சிலை வைத்துவிட்டு, "போதும்டா. புள்ளிக்குப் புள்ளி போறதுக்குள்ள ஊரைச் சுத்திட்டு வருது" என்று சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை.

தம்பிக்குக் கொஞ்சம் கணினி நிரல் எழுதத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பணிமுறைப் பட்டியல் போடுவதற்குத் தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டது. பத்தொன்பது நாள் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைக் கணினியில் செய்தான். திரையில் ஒரு சாளரம், அதற்குள் முப்பத்தாறு புள்ளி, புள்ளிக்கும் புள்ளிக்கும் தொண்ணூறு பிக்சல், கிட்டத்தட்ட ஓர் அங்குலம், இடைவெளி. மவுஸை இரண்டு புள்ளிக்கு நடுவே கொண்டு போனால், அங்கே விழப்போகிற கோடு வெளிர் நீலத்தில் முன்கூட்டியே தெரியும். அழுத்தினால் அதுவே அடர் நீலமாகிவிடும். அக்காவுக்கு நீலம், தனக்குப் பழுப்பு. கட்டம் அடைபட்டால் நடுவே 'அ' அல்லது 'த'. மேலே ஓர் ஓரத்தில் யார் முறை என்று எழுத்தில் காட்டும். எவ்வளவு நடுங்கும் கையும் தொண்ணூறு பிக்சலில் சரியான இடத்தைப் பிடித்துவிடும். அதுதான் அவன் போட்ட கணக்கு.

முதலில் ஞாயிறுகளில் ஒரே கணினி முன்னால் இருவரும் உட்கார்ந்து ஆடினார்கள். டிசம்பரில் அக்கா வீட்டுக் கணினிக்கும் பணிமனைக் கணினிக்கும் இணைப்பு ஏற்படுத்தினான். அதன் பிறகு ஞாயிறு ஆட்டம் நின்று, வேலை நாள்தோறும் சாப்பாட்டு இடைவேளையில், 1.30 முதல் 2.10 வரை ஆட்டம். அவன் பணிமனையில் நேர அறையில், அவள் தன் வீட்டில்.

பணிமனையில் ஒரு மெக்கானிக் உண்டு, 'ஸ்பேனர்' என்று பெயர். ஜன்னலில் தலையை நீட்டி, "டைம் சார், பதினேழாம் நம்பர் இன்னும் வரலை. நீங்க என்னடான்னா கட்டம் கட்டிக்கிட்டிருக்கீங்க" என்பான்.

"அதுக்கு நான் என்னய்யா பண்றது? ரேடியேட்டரைப் பிரிச்சுப் போட்டவன் நீ."

"யார் சார் எதிர்ல? அதே அக்காவா? ஜெயிச்சீங்களா?"

"பதினாலு பதினொண்ணு."

"நீங்களா பதினாலு?"

"போய் வேலையைப் பாருய்யா."

அக்கா வீடு மாடியில், இரண்டு அறை. அங்கே இருபத்திரண்டு வருடமாகக் குடியிருந்தாள். சமையல் மேடைக்கு மேலே டப்பாக்கள் உயர வரிசைப்படி இருக்கும். ஒவ்வொன்றிலும் வாங்கிய தேதி ஒட்டியிருக்கும். கணினி இருந்த மேசை ஜன்னலுக்கு எதிரே. அந்தத் திரை மருத்துவமனையில் கழித்துப் போட்டபோது எடுத்து வந்தது, பழசு, நிறமெல்லாம் வெளுத்திருந்தது. அதைத் தம்பி கவனித்தான். 'புள்ளி தெரிகிறதல்லவா, அது போதும்' என்று விட்டுவிட்டான்.

ஜனவரி முழுக்க ஒரு தொல்லை. அக்காவின் விரல் ஒரு முறை அழுத்த நினைத்து இரண்டு முறை அழுத்திவிடும். கட்டம் அடைத்த பிறகு இன்னொரு கோடு அவளுக்கு உண்டு அல்லவா, அது அவள் நினைக்காத இடத்தில் விழுந்துவிடும். மூன்று ஆட்டத்தில் ஓர் ஆட்டம் இப்படிப் பாழானது.

"என் கையே எனக்கு எதிரி ஆட்டக்காரன்" என்றாள் அக்கா போனில். "நீ ஒருத்தன், இது ஒண்ணு. ரெண்டு பேரோட ஆடறேன் நான்."

"இருக்கா. சரி பண்ணித் தரேன்."

பிப்ரவரி 9, ஞாயிறு. தம்பி நிரலில் ஒரு தடுப்பைச் சேர்த்தான். பொத்தானை அழுத்தும் இடத்துக்கும் விடும் இடத்துக்கும் நடுவே நாலு பிக்சலுக்கு மேல் அசைவு இருந்தால், அது நடுக்கத்தில் நேர்ந்த அழுத்தம், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆறே வரி. தன் கையால் ஐம்பது கோடு போட்டுப் பார்த்தான். ஐம்பதும் சரியாக விழுந்தது. நிரலில் செய்யும் மாற்றங்களுக்கென்று பச்சை அட்டை போட்ட ஒரு குறிப்பேடு வைத்திருந்தான். அதில், '9.2 – நடுக்கத் தடுப்பு சேர்க்கப்பட்டது. சோதனை: 50/50' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். தேவையில்லைதான். பழக்கதோஷம்.

11ஆம் தேதி, செவ்வாய். ஆட்டத்தின் நடுவே அக்கா பக்கம் இருந்து ஒன்றும் வரவில்லை. நாலு நிமிடம் பார்த்துவிட்டுப் போன் செய்தான்.

"என்னக்கா, தூங்கிட்டியா?"

"நானா? நான் போட்டுட்டு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். நீதான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்க."

"உன் முறைதான் காட்டுது இங்க."

"ரெண்டாவது வரிசையில, ஓரத்துல போட்டேனேடா. இதோ..." மவுஸ் நகரும் சத்தம் கேட்டது. "இல்ல."

"என்ன இல்ல?"

"கோட்டைக் காணோம். இப்பத்தான் பாத்தேன்."

"போடலாம்னு நினைச்சிருப்ப."

"நினைச்சிருப்பேனா?" என்றாள் அக்கா. பிறகு, "இருக்கும்" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் இரண்டு தடவை. அதற்கும் அடுத்த வாரம் மூன்று. ஒவ்வொரு தடவையும் தம்பி தன் பக்கம் வந்து சேர்ந்த நகர்வுகளின் பதிவைத் திறந்து பார்த்தான். மணி, நிமிடம், விநாடி எல்லாம் அதில் இருக்கும். அக்கா போட்டதாகச் சொன்ன கோடு எதுவும் அதில் இல்லை. பதிவில் இல்லாத வண்டி வரவில்லை என்று பொருள். அவன் அறிந்த உலகம் அப்படிப்பட்டது.

"நீ போடவே இல்லக்கா. பதிவுல இல்ல."

"செகண்ட் வரைக்கும் எழுதுமா அது?"

"எழுதும்."

"அப்ப சரி" என்பாள்.

அக்கா அழவும் இல்லை, அலட்டிக்கொள்ளவும் இல்லை. பரிசோதனைக் கூடத்துக்கு இரத்த மாதிரி ஒன்று வந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். ஒரு நோட்டு எடுத்து, கோடு காணாமல் போகிற ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, எந்த வரிசை, எந்தக் கோடு என்று எழுதிவைத்தாள். அவள் எழுத்து அப்போது எறும்பு மையில் விழுந்து நடந்தமாதிரி இருந்தது. ஆனாலும் ஒன்று விடாமல் எழுதினாள். தம்பியிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு. அவன் போனபோது கணினி அணைந்திருந்தது. மேசை மேல் நோட்டு.

"உக்காரு" என்றாள். "பிப்ரவரியில ஆறு. மார்ச்சுல பதினஞ்சு. இந்த மாசம் இன்னும் முடியலை, இதுவரைக்கும் பதினெட்டு. மொத்தம் முப்பத்தொன்பது."

"என்னது முப்பத்தொன்பது?"

"நான் போட்டேன்னு கண்ணால பாத்து, போடாத கோடு."

தம்பி நோட்டைப் புரட்டினான்.

"அக்கா, டாக்டர் சொன்னாரே, தலைக்கு ஏறாதுன்னு."

"டாக்டர் என்னைப் பத்து நிமிஷம் பாத்தார். நான் என்னை ரெண்டரை மாசமாப் பாக்கறேன். ஒரு தடவைன்னா அசதி. ரெண்டு தடவைன்னா கவனக்குறைவு. இப்படி ஏறிக்கிட்டே போனா அதுக்குப் பேர் வேற. அம்மாவுக்கு இதே மாதிரிதான்."

"எங்க வீட்டுக்கு வந்துடு."

"உன் வீட்டுல மாமனார் படுத்த படுக்கை. ஒரு ரூம், ஒரு ஹால், மூணு மாடி ஏறணும். உன் பொண்டாட்டி ஏற்கெனவே ஒரு ஆளைப் புரட்டிப் போட்டுக்கிட்டிருக்கா. ரெண்டாவது ஆளா நான் எதுக்கு?" கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திக்கொண்டாள். "கேஸ் அடுப்பு இருக்கு இங்க. போட்டதைப் போடலைன்னும், போடாததைப் போட்டேன்னும் நினைக்கிறவ இனிமே தனியா இருக்கக்கூடாது. கீழ் வீட்டுல ரெண்டு குழந்தைங்க. நானே ஒரு இல்லத்துல பேசிட்டேன். முப்பதாம் தேதி."

தம்பி மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் அவன் முன்னால் இருந்தது முப்பத்தொன்பது பதிவுகள் கொண்ட ஒரு பட்டியல். அதைத் தன் பதிவோடு ஒப்பிட்டால் முப்பத்தொன்பதும் பொருந்தும் என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டு பதிவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தினால் மூன்றாவது கேள்வி கேட்பது அவன் தொழிலில் கிடையாது.

ஏப்ரல் 30 அன்று அக்கா இல்லத்தில் சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் 'உடல்நலக் குறைகள்' என்ற இடத்தில் தம்பியின் கையால் எழுதச் சொன்னாள்: 'கைநடுக்கம். மூன்று மாதமாக ஞாபகப் பிறழ்வு, இல்லாததை இருப்பதாகக் காணுதல். மருந்து தானாக எடுத்துக்கொள்ளும் நிலையில் இல்லை.' கடைசி வாக்கியத்தை எழுதும்போது தம்பியின் பேனா நின்றது. "எழுது. அவங்களுக்குத் தெரியணும்" என்றாள். கீழே அவளே கையெழுத்துப் போட்டாள். பெட்டிக்குள் நிற்காமல் மூன்று பக்கமும் வழிந்தது அந்தக் கையெழுத்து. மாலையில் வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாகிவிட்டது. மே 5ஆம் தேதி அங்கே வேறு குடித்தனம் வந்தது.

மே 18, ஞாயிறு, காலை பதினொன்று ஐந்து. தம்பி தன் வீட்டில் அக்காவின் கணினியை இணைத்து வைத்திருந்தான். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனைவி சொல்லியிருந்தாள், அதற்குமுன் அதில் உள்ளதை அழிக்க வேண்டும். ஆட்டத்தை ஒரு தடவை திறந்தான். வலது கையில் டீ டம்ளர். அதனால் மவுஸை இடது கையால் பிடித்து ஒரு கோடு போட்டான். போட்டுவிட்டு, ஒரு வாய் டீ குடித்தான். டம்ளரை வைத்துவிட்டு மவுஸைத் தொட்டான்.

கோட்டைக் காணோம்.

மறுபடி இடது கையால் போட்டான். விழுந்தது. தொட்டான். போய்விட்டது. மூன்றாவது தடவை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போய்ப் பார்த்தான். அந்த வெளுத்த திரையில் வெளிர் நீலமும் அடர் நீலமும் ஒரே நீலம். இடது கை நாலு பிக்சலுக்கு மேல் இடறி, அந்த அழுத்தத்தை நிரல் தள்ளுபடி செய்த பிறகும், மவுஸ் அங்கேயே இருப்பதால் முன்கூட்டிக் காட்டும் கோடு அப்படியே நின்றது, போட்ட கோடு போலவே. மவுஸை அசைத்தால்தான் மறையும். கை அங்கேயே அசைந்த தடவைகளில் கோடு உடனே மறைந்து, அக்கா மறுபடி அழுத்தியிருப்பாள்; கையை எடுத்துவிட்ட தடவைகளில்தான் ஏமாந்திருப்பாள். மேலே யார் முறை என்ற எழுத்து மாறாமல்தான் இருந்தது. ஆட்டத்தில் இருப்பவர் பார்ப்பது கட்டத்தை, ஓரத்தை இல்லை. தள்ளப்பட்ட அழுத்தம் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. ஏற்ற வேண்டும் என்று அவன் எழுதவே இல்லை.

பச்சைக் குறிப்பேட்டை எடுத்தான். அக்காவின் சாமான்களோடு வந்திருந்த அவள் நோட்டையும் எடுத்தான். இதில் 9.2, தடுப்பு சேர்த்த நாள். அது 11.2இல் தொடங்குகிறது. இரண்டு நோட்டும் இதுவரை ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில்லை.

அடுப்படியிலிருந்து மனைவி, "அழிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஏன்?"

"அக்காவுக்கு ஒண்ணுமே இல்லடி."

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். அவன் காட்டினான். இரண்டு முறை காட்டினான். அவள் திரையைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள். "அவங்க அங்க போயிட்டாங்களே" என்றாள். கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பினாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலாம்போல் இருந்திருக்கும்.

இரண்டு மணிக்குள் நிரலைச் சரிசெய்தான். அழுத்திய இடமே கணக்கு, கை அப்புறம் எங்கே போனாலும் பரவாயில்லை. கோடு விழுந்தால் ஒரு சத்தம். முன்கூட்டிக் காட்டும் கோடு அடியோடு இல்லை. பிறகு கணினியையும் அதே திரையையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்கு இல்லத்தின் வாசலில் இறங்கினான். ஞாயிறும் புதனும் மூன்றிலிருந்து ஐந்து வரை பார்வை நேரம்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஓர் அறையில் நாலு கட்டில். பதினெட்டே நாளில் அவள் பாதி ஆளாக ஆகியிருந்தாள். சாப்பாடெல்லாம் ஒழுங்காகத்தான். தன்னை நம்பாத ஆள் எதையும் தானாகச் செய்யத் தயங்கும் அல்லவா, அந்தத் தயக்கம் உடம்பு முழுக்க ஏறியிருந்தது. தண்ணீர் குடிக்கக்கூடப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "நான் இப்பத்தானே குடிச்சேன்?" என்று கேட்டுக்கொண்டாள்.

தம்பி எல்லாவற்றையும் சொன்னான்.

"தேத்தறதுக்குச் சொல்ற" என்றாள் கடைசியில்.

"இல்லக்கா. சத்தியமா."

"சத்தியமெல்லாம் எனக்கெதுக்கு? பழையது இருக்கா இதுல?"

"இருக்கு. ரெண்டும் இருக்கு."

"முதல்ல பழையதைப் போடு. இருபது கோடு போடறேன். நீ என் பக்கத்துல நிக்காத, அந்தப் பக்கம் போ. மவுஸைத் தொடாத. எண்ணிக்கிட்டே இரு."

பழைய நிரலில் இருபது கோட்டில் ஏழு காணாமல் போயின. புதியதில் இருபதும் நின்றன. தம்பி வாயைத் திறக்கும் முன், "மறுபடி" என்றாள் அக்கா. இரண்டாம் தரம் பழையதில் ஆறு போனது. புதியதில் ஒன்றும் போகவில்லை. பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து, "என்ன பரீட்சையாம்மா?" என்றாள்.

"ஆமா" என்றாள் அக்கா. "பாஸ்."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று தம்பி காத்திருந்தான். ஒரு கணம் வந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாலு கட்டில், நாலு சின்ன அலமாரி, ஜன்னலில் காயப்போட்ட துண்டு. கண் வந்து தன் கையில் நின்றது.

"அப்ப முப்பத்தொன்பதும் நான் போட்டதுதான்."

"ஆமாக்கா."

"என் வீட்டுல இப்ப யாரு?"

"புதுசா கல்யாணமானவங்க. அஞ்சாம் தேதி வந்தாங்க."

"டப்பாவெல்லாம்?"

"கொடுத்தாச்சுக்கா."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ பக்கத்துல உக்காந்து நான் போடறதைப் பாத்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். அதை முடிக்கவில்லை. "நானும் உன்னைக் கூப்பிடலை. நோட்டுதான் எழுதினேன். ரெண்டு பேரும் நல்லா எழுதினோம்டா."

தம்பி எழுந்து நேராக இல்லத்துப் பொறுப்பிலிருந்த மேட்ரன் அறைக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். இரண்டு குறிப்பேடுகளையும் திறந்து மேசையில் வைத்தான். வேறு வீடு பார்க்கிறேன், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை படிவத்தில் அந்த வரிகளை மட்டும் அடித்துவிட வேண்டும் என்றான். அக்கா மாத்திரையை அக்காவே வைத்துக்கொள்ளட்டும்.

மேட்ரன் பொறுமையான பெண்மணி. படிவத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா. தப்பா எழுதினது."

"கீழ கையெழுத்து அவங்களது."

"ஆமாம்மா, அதுதான் சொல்றேனே, நான் செஞ்ச ஒரு நிரல்ல..."

"கம்ப்யூட்டர் விளையாட்டுல தப்புன்னு சொல்றீங்க. எனக்குப் புரியுது. ஆனா சேர்க்கும்போது நீங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுத்ததை, இப்ப நீங்க வாயால சொல்றீங்கன்னு நான் எப்படி சார் அடிக்க முடியும்? நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான கேப்பாங்க? நரம்பு டாக்டர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வருவார். அக்டோபர்ல எழுதித் தரட்டும், அடிச்சுடறேன்."

"அவங்களை வெளிய கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமா?"

"தாராளமா. ஆனா நீங்க கூடவே இருக்கணும். துணை ஆள் இல்லாம வெளிய அனுப்பக்கூடாதுன்னு இருக்கு, பாருங்க. இந்த வரியாலதான்."

தம்பி அவளோடு சண்டை போட முடியவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவனே சொல்லக்கூடியது.

புதன்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்குவதாக எழுதிக்கொண்டு அறைக்குத் திரும்பினான். அக்கா கணினியை அணைத்துவிட்டிருந்தாள்.

"என்ன சொன்னா?"

சொன்னான்.

"சரியாத்தான் சொல்றா. நான் அந்த இடத்துல இருந்தாலும் அதையேதான் சொல்வேன்."

"புதன்கிழமை டாக்டர்கிட்ட போறோம்க்கா. வீடும் பாக்கறேன். அதுவரைக்கும் ஆடலாமா? மத்தியானம், அதே நேரத்துக்கு?"

"வேணாம்டா. கோடு போட்டுட்டு அது நிக்குதா நிக்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். உன்னைப் பாக்க மாட்டேன், ஆட்டத்தைப் பாக்க மாட்டேன். அதை எடுத்துட்டுப் போயிடு."

நாலு மணிக்கு ஆயா தட்டில் மாத்திரைகளோடு வந்தாள். நாலு கட்டிலுக்கும் நாலு சின்னக் கிண்ணம். அக்காவின் கிண்ணத்தில் இரண்டு மாத்திரை. ஆயா அதை அவள் கையில் கொடுக்கவில்லை. தானே எடுத்து நாக்கில் வைத்தாள், தண்ணீரைத் தானே புகட்டினாள்.

"முழுங்கியாச்சா பாட்டி?"

"ஆச்சு."

"எங்க, காட்டுங்க."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா வாயைத் திறந்து காட்டினாள். ஆயா குனிந்து பார்த்து, இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து, அவள் கட்டில் எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.